தீயைப் பார்த்துக்கொள்ளடி

ஐல் ராயல் தீவு,
ஜூன் 11

அன்புள்ள பெட்ரா,

இப்படித்தானே தொடங்குவார்கள்? என் அறைத்தோழி டெஸ்ஸிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கையால் எழுதினால் இப்படி வலிக்கும் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. அரைப் பக்கம் வருவதற்குள் விரல் மரத்துப்போகிறது.

வேலை பரவாயில்லை. விடுதியில் நானும் டெஸ்ஸும் பாத்திரம் கழுவுகிறோம், அறைகளில் படுக்கை விரிக்கிறோம். நேற்று சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மூஸ் மான் எட்டிப் பார்த்தது. பழக்கதோஷத்தில் படம் எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். போன் ஹேன்காக்கில் உன்னிடம் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் இருக்கிற இந்தத் தீவில் சிக்னல் என்ற பேச்சே கிடையாது. மூஸைப் பார்த்தேன் என்று ஒருத்தருக்கும் காட்ட முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீயைப் பார்த்துக்கொள்ளடி. தினமும் என் போனிலிருந்து எல்லோருக்கும் ஒரு படம் போக வேண்டும். ஒரு நாள் விட்டால் போதும், பெயருக்குப் பக்கத்தில் எரிகிற அந்தக் குட்டித் தீ அணைந்து, விடாமல் அனுப்பிய நாள் கணக்கு பூஜ்யமாகிவிடும். அழகான படமெல்லாம் வேண்டாம். சீலிங் போதும், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். வார்த்தை மட்டும் எழுதாதே. நீ வாயைத் திறந்தால் நான் மாட்டிக்கொள்வேன். போனை உலர்ந்த இடத்தில் வை. உன் பெரியம்மா கடை மாவு அதன் மேல் பட வேண்டாம்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நீ பிறந்ததிலிருந்தே அந்த ஊர்க்காரி, உன்னை எல்லோருக்கும் தெரியும். நான் எட்டாம் வகுப்பில் கிராண்ட் ராபிட்ஸிலிருந்து வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டைக் கழிப்பறைக்குள் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. முதல் தீ எரிந்த அன்றுதான் இந்த ஊரில் எனக்கும் ஆள் உண்டு என்று தோன்றியது. செப்டம்பரில் நான் திரும்பி வரும்போது அதெல்லாம் அணைந்து கிடந்தால் எனக்கென்று அங்கே யாரும் இல்லை. அதற்கு இங்கேயே மூஸோடு குடித்தனம் நடத்தலாம்.

உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

டெல்லா


ஹேன்காக்,
ஜூன் 20

அடி பூதமே,

மாநிலத்தின் இரண்டு பாதியையும் இணைக்கிற பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கதைகளில் பாலத்துக்குக் கீழே இருப்பது பூதம்தானே. இங்கேயே கிழவியானாலும் உனக்கு அதுதான் பெயர்.

உன் கடிதம் வந்த அன்று முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய்! "போனை உலர்ந்த இடத்தில் வை." புள்ளி. போனில் யாராவது எனக்கு "சரி" என்று எழுதிப் புள்ளி வைத்தால் அன்றோடு அவர்கள் சகவாசம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறவள் நான். உன் கடிதத்தில் எத்தனை புள்ளி! நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துக் கடையில் இறைச்சி அடைத்துச் சுட வைத்த இரண்டு தட்டு பாஸ்டியைக் கருக்கிவிட்டேன். கடைசியில் அம்மாவிடம் காட்டினேன்.

"அம்மா, இவ ஏன் என்கிட்ட இவ்ளோ கோவமா இருக்கா?"

அம்மா முழுக்கப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடி லூசு, வாக்கியம் முடிஞ்சா புள்ளி வைப்பாங்கடி. பள்ளிக்கூடத்துல என்னதான் படிக்கிற நீ?"

ஆகவே மன்னித்தேன். இதோ நானும் வைக்கிறேன். பார்த்தாயா, கோபமே இல்லை.

உன் தீயெல்லாம் எரிகிறது. அடுப்பில் பாஸ்டியை வைத்துவிட்டு, கடையின் சீலிங்கை ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் தட்டிவிடுகிறேன். பதிலுக்கு அவர்கள் வீட்டு சீலிங் வருகிறது. சில நாள் பாதி நெற்றி, சில நாள் ஒரு காலுறை. ஒன்று கேட்கட்டுமா? உன் அறை சீலிங் வெள்ளை, எங்கள் கடை சீலிங் மரப்பலகை, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு. இத்தனை நாளாக ஒருத்தர்கூட "இது எந்த இடம்?" என்று கேட்கவில்லை. நீ ஊரில் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து, நமக்குள் எரிகிற தீ. அதையும் நான்தானே காப்பாற்ற வேண்டும்? உன் போனிலிருந்து எனக்கு அனுப்புகிறேன். என் போன் கிணுங்குகிறது. "ஆ, டெல்லா!" என்று எடுத்துப் பார்க்கிறேன். பிறகு என் போனிலிருந்து உனக்குப் பதில் அனுப்புகிறேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் தனக்குத்தானே காயிதம் போட்டுக்குது, யாராவது டாக்டரக் கூப்பிடுங்க" என்று வாடிக்கையாளர் முன்னால் கத்தினாள்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். 'நீ எப்படி இருக்கிறாய்' என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. சும்மாதான் சொன்னேன்.

பெட்ரா


ஐல் ராயல்,
ஜூன் 28

அன்புள்ள பெட்ரா,

நீ எப்படி இருக்கிறாய்? போதுமா? கேட்டுவிட்டேன்.

நிஜமாகவே ஒருத்தரும் கேட்கவில்லையா? ஹேஸல்கூடவா? அவளும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். எதற்கும் என் வீட்டுக்குப் போய் என் அறை சீலிங்கையே எடுத்து அனுப்பு. அறைச் சாவி என் அம்மாவிடம் இருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. டெஸ்ஸின் காதலன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டானாம். பாத்திரம் துடைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது, சத்தியமாகத்தான் சொல்கிறேன். நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போனேன். டெஸ் துரத்திக்கொண்டு வந்தாள்.

"ஏய் நில்லு! நான் அழுதுக்கிட்டு ஒண்ணு சொல்றேன், நீ பாட்டுக்கு நெஞ்சத் தொட்டுக் காமிச்சுட்டுப் போற. அதுக்கு என்னடி அர்த்தம்?"

"ஹார்ட் போட்டேன்," என்றேன்.

"எங்க போட்ட?"

எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஒரு கணம் முறைத்தாள், பிறகு சிரித்த சிரிப்பில் சூப் கிண்ணம் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. இப்போது விடுதியில் எல்லோரும் என்னைப் பார்த்தால் நெஞ்சில் கையை வைத்துக் காட்டுகிறார்கள். சமையல்காரர் வெங்காயம் கொண்டு வா என்று சொல்லிவிட்டு ஹார்ட் போடுகிறார்.

அவர்களோடு சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் டெஸ்ஸிடம் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியுமா?

சீலிங்கை மறக்காதே.

டெல்லா


ஹேன்காக்,
ஜூலை 6

டெல்லா,

உட்கார்ந்து படி. இதில் மூன்று சேதி இருக்கிறது, ஒன்று நல்லது, ஒன்று வேடிக்கை, ஒன்றுக்கு நீ என்னைக் கொல்லப் போகிறாய்.

வேடிக்கையை முதலில் சொல்கிறேன். ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான். நீல்ஸ். வேதியியல் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பானே, நெட்டையன், வாயே திறக்காதவன். அவனுக்கும் உனக்கும் தீ எரிகிறது என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன். உன் போனுக்கு எழுதினான்:

"இது உன் சீலிங் இல்லையே"

நான் நீயாகவே, "ரூம் மாத்திட்டேன்" என்றேன்.

"உன் சீலிங்ல ஒரு மூலைல கையுறை மாதிரி ஈரக்கறை இருக்கும். மழை பேஞ்சா கட்டைவிரல் பெருசாகும். இது ஏதோ கடை. நீ யாரு? டெல்லா எங்க?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் அறையில் நான் எத்தனையோ ராத்திரி படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்தக் கறையை நான் பார்த்ததே இல்லையடி.

நல்ல சேதி, கார் ஓட்டும் தேர்வில் தேறிவிட்டேன். தாளைக் கையில் வாங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே ஓடி வந்து, என் போனை எடுத்து, "பாஸ்ஸ்ஸ்!!!" என்று உனக்கு அனுப்பினேன். என் பையிலேயே உன் போன் கிணுங்கியது. எடுத்தேன். என் பெயர், என் சேதி. அதற்கு யார் பதில் சொல்வது? நானே உன் போனிலிருந்து ஒரு ஹார்ட் போட்டேன். என் போனில் வந்து விழுந்தது, வழக்கமாக நீ போடுவாயே, அதே சிவப்பு, அதே அளவு. துளி வித்தியாசம் இல்லை.

வாகன நிறுத்தத்தில் நின்று அழுதேன் டெல்லா. நீ ஊரில் இருந்திருந்தாலும் எனக்கு இதுதான் வந்திருக்கும். ஒரு வருஷமாக நமக்குள் இதுதான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ஹார்ட், ஒரு சீலிங். ஒரே தெருவில் இருக்கிறோம்.

அதனால் மூன்றாவது சேதி. உன் போனை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். மறக்கவில்லை, தெரிந்தேதான் செய்தேன். தீ எல்லாம் அணைந்துவிட்டது. நம்முடையதும் சேர்த்து.

திட்டு. புள்ளி வைத்துத் திட்டு.

பெட்ரா


ஐல் ராயல்,
ஜூலை 12

பெட்ரா.

இதில் இருக்கிற புள்ளியெல்லாம் கோபப் புள்ளி. உன் அம்மாவிடம் காட்டிக் கேட்டுக்கொள்.

என் வாழ்க்கையில் ஒருத்தரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். கழிப்பறையில் சாப்பிட்டதைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டும் இழுப்பறையில் போட்டிருக்கிறாய். உனக்கு அணைந்தால் ஒன்றும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

டெல்லா.


ஹேன்காக்,
ஜூலை 19

டெல்லா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். முடிந்தால் என்னை பிளாக் செய்து பார். தபால் கொண்டு வருகிற படகுக்காரரிடம் போய்த்தான் சொல்ல வேண்டும்.

கழிப்பறை விஷயத்தைப் படித்துவிட்டு நான் எதுவும் எழுதாமல் பூதம், பாஸ்டி என்று உளறிக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கதவை உடைத்துக்கொண்டு தட்டோடு உள்ளே வந்திருப்பேன். தீயை அணைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரிருவர் "அடச்சே" என்றதோடு சரி. எனக்குத்தான், நான் செய்தது பெரிய தப்போ என்று நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஹேஸல் வந்தாள். எதுவும் வாங்காமல் உப்பு டப்பாவை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"டெல்லாவுக்கு என் மேல கோவமா?"

"எதுக்குக் கேக்கற?"

"தீ போச்சு. ரெண்டு நாள் காத்திருந்தேன். நான் என்ன பண்ணேன்னு தெரியல. நேர்ல கேக்கலாம்னு அவ வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவ போய்ட்டு, பெல் அடிக்கப் பயந்துக்கிட்டுத் திரும்பிட்டேன். வீட்டு வாசல்ல போயி நின்னு பெல் அடிச்சா அவங்க என்ன நெனப்பாங்க?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் உன்னைவிடப் பயந்தவள் டெல்லா! உனக்குத் தெரியுமா? நீ தீவில் இருக்கிறாய் என்று சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சூடாக ஒரு பாஸ்டி கொடுத்து உன் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நீல்ஸ் வந்து, என் காலணியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அட்ரஸ்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

இரண்டே பேர். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

பெட்ரா

டெஸ்ஸிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.


ஐல் ராயல்,
ஆகஸ்ட் 2

என் பெட்ரா,

அப்புறம் என்ன ஆச்சு?

தேர்வைத்தான் கேட்கிறேன். நீ அதை எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கவாட்டில் நிறுத்தச் சொன்னார்களா? அதில்தானே உனக்கு எப்போதும் குளறும்? தேர்வு வைத்தவர் சிடுமூஞ்சியா? என்ன சட்டை போட்டிருந்தாய்? உன் பெரியம்மா அழுதாளா? எல்லாவற்றையும் எழுது, சுருக்காதே. நான் கூடவே பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமடி. இதை இப்படி வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று சரியாகத் தெரியவில்லை. ஹேஸல் கடிதத்தில் போயிருக்கலாம். அந்தப் பைத்தியம் முகவரிகளை இடம் மாற்றி எழுதிவிட்டதாம்! அனுப்புகிறவர் இடத்தில் என் பெயர், பெறுகிறவர் இடத்தில் அவள் பெயர். கடிதம் அவள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. "டெல்லாகிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கு!" என்று வீட்டையே கூட்டிப் பிரித்துப் பார்த்தால் அவள் எழுதியதையே அவள் படிக்கிறாள். அதற்கு அடியிலேயே நடந்ததை எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறாள். நான் படித்துக் காட்டினேன், சமையலறை முழுக்கக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைசியில் ஒரு வரி: "உன்கிட்ட நெஜமா பேசினா நான் போரடிப்பேன்னு பயம். அதான் சீலிங் அனுப்பிட்டே இருந்தேன்." அதைப் படித்துக் காட்டவில்லை. என் பயம் அப்படியே இன்னொருத்தி கையெழுத்தில் இருந்தது.

நீல்ஸ் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறான். ஐந்து! வாயே திறக்காதவன்! மீன்பிடிப்பது, அவன் அண்ணன், ஓடாத ஒரு பழைய பைக், எல்லாம் இருக்கிறது. நடுவில் இப்படி ஒன்று: "வகுப்புல உன்கிட்டப் பேச வருவேன். நீ போனப் பாத்துட்டு இருப்ப. சரின்னு திரும்பிப் போய் உக்காருவேன். அந்தப் போன்லேர்ந்து எனக்கு சீலிங் வரும்." படித்துவிட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். அவமானமா வேறு ஏதாவதா என்று கேட்காதே. நீ இளிப்பது இங்கே கேட்கிறது.

எல்லோரும் என்னுடையவர்கள் என்று நினைத்தேன், அது பொய். ஒருத்தரும் இல்லை என்று உனக்கு எழுதினேன், அதுவும் பொய்.

டெல்லா


ஹேன்காக்,
ஆகஸ்ட் 14

என் பூதமே,

இளித்தேன். நன்றாகவே இளித்தேன்.

நீ கேட்டதெல்லாம் சொல்கிறேன். சட்டை, உன்னுடைய பச்சைச் சட்டை, போன குளிர்காலத்தில் திருடியது, திருப்பித் தர மாட்டேன். தேர்வு வைத்த அம்மாள் சிடுமூஞ்சிதான். பக்கவாட்டில் நிறுத்தும்போது ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறிவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த அம்மாள் என் கையில் இருக்கிற அடுப்புச் சூட்டுத் தழும்பைப் பார்த்து, "கோஸ்கி பாஸ்டி கடைப் பொண்ணா நீ? வெள்ளிக்கிழம எனக்கு எப்பவும் ஓரம் கருகினதாவே வருது" என்றாள். கருக்குவது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, "பின்னால போயி மறுபடி நிறுத்து" என்றாள். இரண்டாவது முறை நூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். பெரியம்மா அழவில்லை. கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம், "தெருவுல பாத்துப் போங்க, எங்க பொண்ணு வண்டியோட கெளம்பிட்டா" என்று எச்சரித்தாள்.

செப்டம்பர் ஐந்து, உன் படகு கால்வாய்க்கு அக்கரையில் இருக்கிற ஹோட்டனுக்கு வரும்போது துறையில் நான் நிற்பேன். பெரியம்மாவின் வேனை நானே ஓட்டி வருவேன். உன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசப் போகிறோம். பேச ஒன்றும் வராமல் போய்விடுமோ என்று எனக்கும் கொஞ்சம் பயம்தான், சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நாம் நன்றாக இருக்கிறோம். நேரில் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

உன் போனைக் கொண்டு வரட்டுமா?

பெட்ரா


படகின் மேல்தளம்,
செப்டம்பர் 5

பெட்ரா,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம், உன் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஏரியில் அலை இருந்தது, அதனால்தான் மேலே எழுத்து கோணல். இப்போது கால்வாய்க்குள் வந்துவிட்டோம். இனிக் கோணினால் அது என் கைதான்.

நீ பயப்படுவதாக எழுதியிருந்தாய். காலையிலிருந்து எனக்கும் அதேதான். உன்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று ஏழெட்டு வரி எழுதி அடித்துவிட்டேன். டெஸ் தீவுத் துறையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல கைய மட்டும் வெச்சுட்டு நின்ன, நீந்தி வந்து ஒதைப்பேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். போனைக் கொண்டு வா. அது பாவம், அது என்ன செய்தது? வேனில் பின்னால் எங்காவது கிடக்கட்டும்.

நம் ஊர்த் தூக்குப் பாலம் தெரிகிறது. எங்களுக்கு வழி விட நடுப்பகுதியை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. ஹேன்காக் பக்கத்து வரிசையில் முதல் வண்டி ஒரு வெள்ளை வேன், பக்கத்தில் பெரிதாகப் பாஸ்டி படம் போட்டிருக்கிறது.

அடிப்பாவி! துறையில் நிற்பேன் என்றாய், நீ இன்னும் பாலமே தாண்டவில்லை! எனக்காகத் தூக்கிய பாலம் உன்னை நிறுத்திவிட்டது!

வேனிலிருந்து நீ குதிக்கிறாய். பச்சைச் சட்டை என்னுடையதுதான். பின்னாலேயே ஒரு நெட்டையன் இறங்குகிறான், தலையை இடித்துக்கொள்கிறான். அப்புறம் ஹேஸல், கையில் ஒரு அட்டை, அதில் ஏதோ எழுதியிருக்கிறது, தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். உன் பெரியம்மாவும் இறங்குகிறாள், கடை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கடையை யார் பார்க்கிறார்கள்? வண்டிக்காரர்கள் எல்லாம் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். தடுப்புக் கம்பி மேல் ஏறி நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாய், பெட்ரா. அதற்கு அப்புறம் நீ சொல்கிற எதுவும் காதில் விழவில்லை, படகின் சங்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

என் பக்கத்தில் நிற்கிற கிழவர், "யாரும்மா அவங்கல்லாம்?" என்று கேட்கிறார்.

"என் ஆளுங்க," என்றேன்.

பேனாவை வைக்கிறேன். எழுதி வைத்த வரி ஒன்றும் ஞாபகம் இல்லை. நானும் கத்தப் போகிறேன்.